விசில் ஊதாத கோல்

1974 உலகக் கிண்ணத்தில் ஜைர் நாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர் முவேப்பு இலுங்கா செய்ததை இன்றும் நம்மாட்கள் நகைச்சுவையாகத்தான் பேசுகிறார்கள். பிரேசில் ஃபிரீ கிக் எடுக்கக் காத்திருந்தது. விசில் கேட்டதும் இலுங்கா சுவரிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தூர உதைத்துவிட்டார். ருமேனிய நடுவர் நிக்கோலே ரைனியா மஞ்சள் அட்டையை நீட்டினார். "பாவம், அவனுக்கு ரூல்ஸே தெரியல" என்பார்கள். எனக்கு இந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. முந்தைய ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவிடம் 0-9 என்று தோற்ற அணி அது. பிரேசிலிடம் மூன்று கோலுக்கு மேல் வாங்கினால் ஊர் திரும்ப முடியாது என்று அதிபர் மொபுட்டுவின் ஆட்கள் மிரட்டினார்கள் என்றும், விதி தெரிந்தேதான் உதைத்தேன் என்றும் இலுங்கா பின்னாளில் சொன்னார். ஆட்டம் 0-3 என முடிந்தது.

(அதே போட்டியில் போலந்து, ஹைத்தியை 7-0 என வென்ற ஆட்டத்துக்கு நடுவர் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. அவரை நாம் இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.)

நின்ற ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உரிமை யாருக்கு? 1863இல் இங்கிலாந்தில் எழுதிய 13 விதிகளில் நடுவரும் இல்லை, விசிலும் இல்லை. பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் முதலில் ஓடிப்போய்த் தொட்டவருக்கே எறியும் உரிமை. நடுவர் திடலுக்குள் இறங்கியது 1891இல்தான். எதிரணி பத்து கஜம் தள்ளி நிற்பது இன்னும் பிறகு வந்த ஏற்பாடு.

விசில் இல்லாமல் ஃபிரீ கிக் எடுக்கவே கூடாது என்று மாமாக் கடைகளில் சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விதி அப்படிச் சொல்லவில்லை. அட்டை காட்டியிருந்தால், காயம் அல்லது ஆள்மாற்றம் நடந்திருந்தால், சுவரைத் தள்ளி நிறுத்தினால் விசில் கட்டாயம். மற்றபடி பந்தை வைத்து உடனே உதைக்கலாம். இது நியாயமும்கூட. தப்பு செய்தவன் நிதானமாகச் சுவர் கட்டும்வரை அடிபட்டவன் ஏன் காத்திருக்க வேண்டும்?

2004 டிசம்பர் 12. நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். ஹைபரியில் தியரி ஆன்ரியிடம், சுவர் வேணுமா, உடனே எடுக்கிறாயா என்று நடுவர் கிரகாம் போல் கேட்டார். செல்சி கோல்காப்பாளர் பீட்டர் செக் சுவரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே பந்து வலைக்குள். செல்சிக்காரர்கள் குதித்தார்கள், கோல் நின்றது. போல் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் இரண்டு பேருக்கு நடுவில் நடந்தவை. கோல்காப்பாளர் காதில் விழவில்லை. சண்டை முளைப்பது அங்கேதான்.

2023 மார்ச் 3, பெங்களூரு. இந்திய சூப்பர் லீக் வெளியேற்றுச் சுற்று, கூடுதல் நேரம், 0-0. கேரளா பிளாஸ்டர்ஸ் இன்னும் ஒழுங்காக நிற்கவில்லை. சுனில் செத்ரி உதைத்தார், நடுவர் கோல் என்றார். விசிலும் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டதாக செத்ரி பிறகு விளக்கினார். கேரளப் பயிற்றுநர் இவான் வுக்கோமனோவிச் கையசைத்துத் தம் ஆட்கள் அனைவரையும் திடலைவிட்டு வெளியே கூப்பிட்டார். அவர்கள் திரும்பவில்லை. பெங்களூரு 1-0 என வென்றதாக அறிவித்தார்கள். கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்றுநருக்கு 10 ஆட்டத் தடை.