தலைக்கவசமும் நிறமும்
தலைக்கவசத்தின் வரலாற்றில் நம்மை வியக்கவைப்பது, அது கறுப்பாகப் பிறந்தது என்பதே. முதல் உலகப்போரில் அணிந்த எஃகுத் தொப்பியை நினைவிற்கொண்டு, 1919இல் சான்பிரான்சிஸ்கோவின் எட்வர்ட் புல்லார்ட் அதை உருவாக்கினார். நீராவியில் பதப்படுத்திய கித்தான், பசை, கறுப்பு வண்ணம்: அவ்வளவுதான். மேலிருந்து விழுவதைத் தாங்கினால் போதும் என்பது அன்றைய எண்ணம். 1933இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணியில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று.

சாலைப் பணியாளருக்கோ ஆபத்து பக்கவாட்டில், விரைந்து வருகிறது. அந்த வேகத்தை எந்தத் தொப்பியும் தாங்காது. ஓட்டுநரின் கண்ணில் முன்னரே பட்டாக வேண்டும்.

அதற்குரிய நிறம் ஒரு தலைக்காயத்திலிருந்து பிறந்தது. 1933இல் கலிபோர்னியாவில் வேலையிடத்தில் விழுந்து அடிபட்ட பாப் சுவிட்சர், பார்வை பழுதுற்று இருட்டறையில் தங்கினார். சகோதரர் ஜோவுடன் அவர் புற ஊதா ஒளியில் மிளிரும் பொருள்களை ஆராய்ந்தார். பகலிலும் ஒளிரும் வண்ணங்கள் அம்முயற்சியில் விளைந்தன. காணவியலாக் கதிரைக் காணும் ஒளியாக்குவதால் அந்திமங்கலிலும் அவை பளிச்சிடுகின்றன. இரவில் அவை போதா. முகப்பு விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பும் பட்டைகள் உடன் வேண்டும்.

இன்று சாலையோரத் தலைக்கவசம் ஒளிர்மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் திகழ்கிறது. அதன் ஓடு அணிந்தவரைத் தானே காக்கிறது; நிறமோ காண்பவரை நம்பி நிற்கிறது. அந்நம்பிக்கையைக் காக்கும் கடமை வண்டியோட்டும் நம்முடையது.