மாத்திரை வாசலுக்கு வருகிறது, வாய்க்குப் போகிறதா? சர்க்கரை நோயும் மனச்சோர்வும்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளி கிராமத்தில் முதல்வர் அதைத் தொடங்கி வைத்தார். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் திட்டம் இது. 2024ல் ஐ.நா.வின் விருதும் இதற்குக் கிடைத்தது. கல்லாவி போன்ற ஊரில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக பஸ் ஏறுவது எவ்வளவு சிரமம் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகிறதா என்பது வேறு கேள்வி.

ஒருநாள் இஷா தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். "ஹஜ்ரத், அத்தாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. சுகர் மாத்திரையைப் போட மாட்டேங்கறார். கேட்டா போட்டேங்கறார். அரிசி டிரம்முக்குப் பின்னாடி பார்த்தா மூணு மாசத்து அட்டை அப்படியே கிடக்கு" என்றார். நானும் போனேன். உடல் அல்லாஹ் தந்த அமானிதம், அதைப் பேணுவது கடமை என்று பத்து நிமிடம் பேசினேன். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. கடைசியில், "போட்டு என்ன ஆகப் போகுது ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி மவுத்தாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது என் பயான் அல்ல, மருத்துவர். அது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

நாம் டிப்ரெஷன் என்று சொல்லும் மனச்சோர்வு, சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் என்று உலக அளவிலான ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் கணக்கிட்டது. அப்படியானால் இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் வீடுகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால் இரண்டின் அடையாளங்களும் ஒன்றாகவே இருக்கும். அசதி, தூக்கமின்மை, உடல் இளைப்பது, எதிலும் கவனம் நிற்காமல் போவது எல்லாவற்றையும் "சுகர் ஏறியிருக்கு" என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. மனம் சோர்ந்தால் மாத்திரை நிற்கும், நடை நிற்கும், சாப்பாட்டுக் கட்டுப்பாடு போகும். கவலையில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் காலில் எரிச்சல், பார்வை மங்கல் என்று ஒவ்வொன்றாக வரும். அது மனத்தை இன்னும் கீழே தள்ளும்.

2008ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 47 ஆய்வுக் குழுக்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு உள்ள சர்க்கரை நோயாளிகள் சிகிச்சையைச் சரியாகப் பின்பற்றுவதில்லை என்று அது காட்டியது. அதிலும் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளில் போகாமல் விடுவதுதான் முக்கியமாகத் தெரிந்தது. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் "அடுத்த வாரம் போகலாம்" என்று மூன்று முறை தள்ளிப்போட்டால், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் நாமே கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள் உண்டு, மருத்துவர்களும் முதலில் இவற்றைத்தான் கேட்பார்கள். கடந்த இரண்டு வாரங்களில், எந்தக் காரியத்திலும் ஈடுபாடு இல்லாமல் போனதா? மனம் சோர்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? பெரும்பாலான நாட்கள் ஆம் என்று பதில் வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டு கேள்வியால் நோயை உறுதி செய்ய முடியாது, அது மருத்துவரின் வேலை.

இதற்குத் தீர்வு உண்டா என்றால், நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களின் மருத்துவ மையங்களில் 2015 மார்ச் முதல் 2016 மே வரை 404 பேரைச் சேர்த்தார்கள். அனைவருக்கும் மனச்சோர்வும் இருந்தது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கொழுப்போ கட்டுக்குள் இல்லாமலும் இருந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு பராமரிப்பாளரும் இருந்தார். அவர் டாக்டர் அல்ல. நோயாளியோடு தொடர்ந்து பேசி, மாத்திரையும் மனநிலையும் எப்படி இருக்கின்றன என்று விசாரிப்பார். அந்த விவரங்களை நிபுணர்கள் பார்த்து ஆலோசனை சொல்வார்கள். இந்த உதவி ஓராண்டு மட்டும்தான். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் பார்த்தபோது, மனச்சோர்வு பாதியாகவாவது குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் இந்தக் குழுவில் 71.6 சதவீதம், மற்றதில் 57.4 சதவீதம். 2020ல் இந்த முடிவு வெளியானது. எனக்கு இதில் பட்டது என்னவென்றால், புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. திட்டாமல் விசாரிக்க ஓர் ஆள் இருந்தார், சர்க்கரையையும் மனத்தையும் ஒன்றாகப் பார்த்தார்கள்.

மனநல மருத்துவர் என்றதும் நம் குடும்பங்களில் வரும் தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "ஈமான் குறைவு", "கண்ணேறு", "தொழுதால் சரியாகும்" என்கிறோம். தொழுகையும் துஆவும் ஆறுதல் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மகனைப் பிரிந்த துயரத்தில் கண் பார்வையே இழந்த யஃகூப் நபியின் வரலாற்றை ஓதுகிற நாம், அவருக்கு ஈமான் குறைவு என்று சொல்வோமா? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உடல் நோய்க்கு மட்டும் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்து, உடலையும் மனத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார்.

மனச்சோர்வு மாத்திரை பலன் தர சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பலன் இல்லையென்று நிறுத்துவதும், நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்துவதும் தவறு. குணமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். இது போதைப் பழக்கம் போல ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். சில வகை மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும் என்பதால், இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். இன்னொன்று: நெஞ்சு படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் அப்படித்தான் இருக்கும், அதை மனப்பதற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. ரமலானில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றாமல், நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருநாள் முடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பாமல் அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு.

"இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். இன்சுலினையும் மாத்திரைகளையும் வேறொருவர் பொறுப்பில் வைத்து அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. அந்தப் பெரியவர் வீட்டில் இப்போது இரவு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பேத்தி. அவள் அட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்வாள்.