காசுக்கட்டியும் கொக்கோவும்

ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பெயரில் உள்ள தாங்கல் சிறு ஏரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னையைச் சுற்றி இச்சொல் பல ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வூரில் வசிக்கும் என் தந்தையாருக்கு வயது 78. கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழித்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த என் தங்கை மகன், நூற்றுக்கு 85 பங்கு கொக்கோ அடங்கிய டார்க் சாக்லேட் கட்டிகள் சிலவற்றைத் தாத்தாவுக்கென்று கொடுத்துச் சென்றான். ஒரு துண்டை வாயிலிட்ட தந்தையார், "காசுக்கட்டி மாதிரி துவர்க்குதேம்மா" என்றார்.

சிரித்துவிட்டு மறந்துபோனேன். மூன்று வாரம் கழித்து மாத்திரை அட்டையைப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை. சாக்லேட் கொதிப்பைத் தணிக்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, அதையே மருந்தாக்கிக் கொண்டிருந்திருக்கிறார். அவர் படித்தது முழுப்பொய்யும் அன்று, சிக்கலே அதுதான்.

கொக்கோ நமக்கு அத்தனை அந்நியமான பொருளும் அல்ல. 1796இல் டச்சுக்காரரிடமிருந்து அம்போய்னாத் தீவைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கிருந்து 1798இல் கொக்கோச் செடிகளைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்தது. சாதிக்காயும் கிராம்பும் பயிராக்க முனைந்த அதே மலைச்சாரல். இந்தியாவில் கொக்கோ வேர்விட்ட முதல் இடம் இதுவே என்பர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனும் ஜாக்சனும் நேருக்கு நேர் நின்றனர். நம் பாடநூல்கள் அதைச் சொல்லும், செடியைச் சொல்லா. வணிகப் பயிராக அது காலூன்றியது மிகவும் பிற்பாடு, 1960களில் வயநாட்டில் கேட்பரீஸ் நிறுவனத்தின் முயற்சிக்குப் பிறகு. இன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக வளர்கிறது.

தந்தையாரின் நாக்கு சொன்னது எத்தனை சரி என்பதைப் பின்னரே அறிந்தேன். கொக்கோவின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது எபிகேட்டகின். கேட்டகின் என்ற பெயரே கேட்டச்சு என்பதிலிருந்து பிறந்தது. கேட்டச்சு என்பது கருங்காலி மரத்தின் வைரத்தைக் கொதிக்கவைத்து இறுக்கியெடுக்கும் நம் காசுக்கட்டிதான்! வேதியியலார் சூட்டிய பெயரை வெற்றிலை போட்ட நாக்கு தானாகவே கண்டுபிடித்துவிட்டது. (இதைக் கேட்டு யாரும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட வேண்டாம். பாக்கு புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது.)

இத்துவர்ப்பு இரத்தக் குழாய்களைச் சற்றே தளரச் செய்யும். பனாமாவையொட்டிய தீவுகளில் வாழும் குனா பழங்குடியினர் கொக்கோப் பானத்தை நாள்தோறும் பல கோப்பைகள் அருந்துபவர்கள். முதுமையிலும் அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்றும், நகரத்துக்குக் குடிபெயர்ந்தோருக்கு ஏறுகிறது என்றும் ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பெர்க் 1997இல் எழுதினார். நெதர்லாந்தின் சுட்பென் நகரத்து முதியவர்கள் 470 பேரைப் பதினைந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006இல் வந்தது. கொக்கோ மிகுதியாக உண்டவர்களிடையே இதயநோய்ச் சாவுகள், குறைவாக உண்டவர்களிடையே நேர்ந்தவற்றில் பாதியளவே இருந்தன. ஆனால் உண்டதையும் வாழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. குனா மக்கள் நகரத்துக்கு வந்தபோது கொக்கோவை மட்டுமா கைவிட்டார்கள்?

2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் கறாரானது. 60 வயது கடந்த ஆண்களும் 65 கடந்த பெண்களுமாக 21,442 பேர். பாதிப்பேருக்குக் கொக்கோச் சாறு அடங்கிய மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதயநோய் நிகழ்வுகள் மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதயநோயால் நேர்ந்த சாவுகள் மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தன. கொடுத்தது சாறு, சாக்லேட் அன்று. அதை வழங்கியதும் மார்ஸ் என்னும் சாக்லேட் நிறுவனம். கடையில் விற்கும் கட்டியிலோ, காரம் சேர்த்துக் கசப்பை அகற்றும்போதே துவர்ப்பின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. அதோடு சர்க்கரையும் கொழுப்பும் சேர்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று 28 டார்க் சாக்லேட் கட்டிகளைச் சோதித்தபோது ஈயமும் காட்மியமும் எல்லாவற்றிலும் இருந்தன.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மசியவில்லை. மருத்துவர் கருவியைக் கையில் சுற்றி 170 என்று காட்டிய பிறகே மசிந்தார். இப்போது காலையில் மாத்திரை, மாலையில் விரல்நுனியளவு சாக்லேட் ஒரு துண்டு. "இன்னும் கொஞ்சம் துவர்த்தா நல்லா இருக்கும்" என்கிறார்.