நிரலுக்குள் எழுதிய விலாசம்

பெங்களூரில் வாடகை வீடு மாறியவர்களுக்குத் தெரியும். சாமான் ஏற்றுவது ஒரு நாள் வேலை. கேஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று விலாசம் மாற்ற அலைவதுதான் மாதக்கணக்கு. பொட்டி தட்டும் இடத்திலும் இதே கூத்து உண்டு மக்களே.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்ப்பது பழைய வழக்கம். ஐ.பி.எம்.மின் மைக்கேல் ஃபேகன் இதை முறைப்படுத்தி 1976-ல் கட்டுரை எழுதினார். 2006-ல் பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம், கூகுளுக்குள் இதற்காக மாண்ட்ரியன் என்ற கருவி செய்தார். நல்ல கருவி, ஆனால் வெளியாருக்குத் தர வழியில்லை. பெர்ஃபோர்ஸ், பிக்டேபிள் என்று அந்த வீட்டுச் சுவரோடு சுவராகக் கட்டியாயிற்றே! 2008-ல் ரீட்வெல்ட் என்று தனியாக எழுதித்தான் வெளியிட்டார். அதிலிருந்து ஆண்ட்ராய்டுக்காகக் கிளைத்தது கெரிட். (மாண்ட்ரியன் டச்சு ஓவியர், கெரிட் ரீட்வெல்ட் டச்சுக் கட்டடக் கலைஞர், கீடோவும் டச்சுக்காரர். ஊர்ப்பாசம் யாரை விட்டது!)

கெரிட்டில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன வசதி. நிரல் மாற்றத்தின் குறிப்பில் 'பக் 1234' என்று மட்டும் எழுதினால் போதும். அந்த எண் எந்தத் தளத்துக்குப் போகும் என்பது அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி. பக்கத்தைக் காட்டும்போதுதான் சுட்டி உருவாகும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் பெயரையே கருவியின் நிரலுக்குள் எழுதியிருந்தார்கள். சர்வர் மாறியது, இரண்டு வருடச் சுட்டிகளும் போச்சு. 'இதை ஏன் மாற்றினோம்' என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எழுதியவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

கிட்டில் ஏறிய குறிப்பைப் பின்னால் திருத்தினால் அதன் அடையாள எண்ணே மாறிவிடும். அதற்குப் பின் வந்தவை எல்லாமும் மாறும். ஆகவே மாற வேண்டியது வெளியே இருக்க வேண்டும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2012-ல் கெரிட்டுக்கு வந்தது. அப்போது பிழைகளைப் பதிய பக்ஸில்லா. 2014 நவம்பரில் ஃபேப்ரிகேட்டருக்கு மாறியபோது பழைய பிழை எண்களோடு 2000 கூட்டிப் புது எண் கொடுத்தார்கள். பழைய குறிப்புகளில் கை வைக்கவில்லை. புதுக் குறிப்புகளில் எண்ணுக்கு முன் ஒரு 'டி' சேர்ந்தது, அதற்கேற்ப அமைப்பில் ஒரு விதி. பழைய எண்ணோடு பக்ஸில்லா விலாசத்துக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.