"தறியில உக்காந்ததாலயா டாக்டர்?"

1/ ஆரணியில பட்டுத்தறி பல வீடுகள்ல வீட்டுக்குள்ளேயே இருக்கு. மாசமா இருக்கிற பொண்ணும் தார் சுத்தறது, நெய்யறதுன்னு வேலை பார்ப்பாங்க. பிறந்த குழந்தை பேசலை, நடக்கலைன்னா முதல் சந்தேகம் தறி மேல. அடுத்து கிரகணம். அப்புறம் சாபம். எதைச் சொன்னாலும் பழி விழறது அம்மா தலையிலதான்.

2/ "படிக்காதவங்க நம்பிக்கை"ன்னு தள்ளிடாதீங்க. இந்தப் பழியைப் படிச்சவங்களே போட்ட வரலாறு இருக்கு.

3/ 1866. டவுன் சிண்ட்ரோமை விவரிச்ச இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன், பெற்றோரோட காசநோய்தான் காரணம்னு நினைச்சார். 1959-ல பாரிஸ் ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டுபிடிச்சாங்க: 46 குரோமோசோமுக்குப் பதிலா 47. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலா நடக்கிறது. தாயின் வயசு கூடினா வாய்ப்பு கூடும். தறிக்கும் கிரகணத்துக்கும் இதுல பங்கே இல்லை.

4/ ஆட்டிசம் கதை இன்னும் கொடுமை. 1943-ல அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெற்றோர் பாசமில்லாம இருந்தாங்கன்னும் பின்னாடி சொன்னார். 1967-ல புரூனோ பெட்டல்ஹைம் அதையே புத்தகமா எழுதிப் பரப்பினார். பனிக்கட்டி மாதிரி அம்மாவாம்! எத்தனை தாய்மார்கள் அந்தக் குற்ற உணர்ச்சியோட வாழ்ந்திருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.

5/ அதை முதல்ல உடைச்சவர்கள்ல ஒருத்தர் பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-ல. உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனோட அப்பா. 1977-ல பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ஞ்சாங்க. ஒரே கருவிலிருந்து வந்த 11 ஜோடிகள்ல 4 ஜோடியில இருவருக்கும் ஆட்டிசம். மற்ற 10 ஜோடியில ஒண்ணுலகூட இருவருக்கும் இல்லை. மரபணுவோட பங்கு தெளிவாச்சு.

6/ பழி அப்புறம் தடுப்பூசி மேல போச்சு. 1998-ல வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையில இருந்தது 12 குழந்தைகள். 2010-ல லான்செட் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவர் பதிவும் போச்சு. பயம் மட்டும் இன்னும் போகலை.

7/ "சொந்தத்துல கட்டினதாலயா?" நியாயமான கேள்வி. சில மரபணு நோய்களுக்கு அது வாய்ப்பைக் கூட்டும். ஆனா அந்த மரபணு ரெண்டு பக்கத்துல இருந்தும் வருது. அம்மாவை மட்டும் கைகாட்ட முடியாது.

8/ நம்ம ஊர் வரலாற்றையும் பாருங்க. 1985-ல சென்னையில வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கினவங்க பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையோட அம்மா. உலகம் குற்றவாளின்னு சொன்ன அதே அம்மாதான் பயிற்சிக்கு வழி தேடி, அதைப் பல குடும்பங்களுக்கும் திறந்துவிட்டாங்க.

9/ பழி தேடறதுல என்ன நஷ்டம்? காலம். மூளை வேகமா வளர்ற முதல் வருஷங்கள் பரிகாரத்துலயும் "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினார்"லயும் போயிடுது.

10/ 4 மாசம் ஆகியும் தலை நிக்கலையா, 1 வயசுல பேர் சொன்னா திரும்பலையா, ஒன்றரை வயசுல ஒரு வார்த்தைகூட இல்லையா? காத்திருக்க வேண்டாம். 2013-ல வந்த தேசிய சிறார் நலத் திட்டத்துல அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருது. பிறப்பு முதல் 18 வயசு வரை பரிசோதனை இலவசம். அங்கன்வாடியில கேளுங்க, இல்லேன்னா அரசு மருத்துவமனைக்கு நேரா போங்க.

11/ உங்க தெருவுல இப்படி ஒரு அம்மா இருந்தா "என்ன பண்ணே?"ன்னு கேட்காதீங்க. "பயிற்சிக்கு நானும் கூட வரட்டுமா?"ன்னு கேளுங்க. அவங்க தறியை விட்டு இறங்கிப் போற நாள் கூலி இல்லாத நாள். கூட ஒரு ஆள் இருந்தா அடுத்த வாரமும் போவாங்க.