தாயகம் திரும்பியோர்: ஒரு சொல்லின் வரலாறு

சில சொற்கள் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். உள்ளே ஒரு பெரும் அநீதியை மூடி வைத்திருக்கும். 'தாயகம் திரும்பியோர்' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலையகத்தை விட்டு இந்தியாவுக்குச் சென்ற மக்களுக்குத் தமிழ்நாட்டு அரசு ஏடுகள் இட்ட பெயர் அது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிறந்தது இலங்கையில். பிறந்த மண்ணைப் பிரிந்து போனவர்களுக்குத் 'திரும்பியவர்கள்' என்று பெயர்! இச்சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தெல்தோட்டையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெல்தோட்டையிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போகிறவர்களாகவே இருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து மலைக்கு வந்து, பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் மாண்டவர் போக மிஞ்சியவர்கள் உண்மையாகவே திரும்பியவர்கள். ஆனால் 1867 இல், தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் அழிக்க, தேயிலை மலைகளை மூடியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. திரும்பிச் செல்லும் வழக்கத்தைத் தேயிலைதான் ஒழித்தது. அந்தத் தேயிலை வேரூன்றியது நம் மலையில் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதன் பின்னர் ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன. நான்கு தலைமுறைகள் இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணிலேயே புதைந்தன. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என நிறுவ வேண்டும் என்றது அச்சட்டம். கங்காணியின் துண்டும் தோட்டத்துச் செக்றோலும் தவிர வேறு ஏடு அறியாத மக்கள் பூட்டனின் பிறப்புக்கு எங்கே போவார்கள்? 1949 இல் வாக்குரிமையும் போயிற்று.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர் தொகை 975,000 எனக் கணிக்கப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. 1974 இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆயினும் அவர்கள் விடை சொல்லியே இருக்கிறார்கள். விண்ணப்பம் கோரப்பட்டபோது இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 400,000 பேர். 300,000 பேருக்கே இடமிருந்த இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோரோ ஆறு இலட்சத்துக்கும் அதிகம். தாயகம் எது என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறென்ன வேண்டும்?

ஒரு குடும்பம் நாடு பெயர்வது எளிதன்று. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற வேண்டும். சேமலாப நிதிப் பணம் வந்து சேர வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் எல்லை 4,000 ரூபாவுக்குக் குறையலாகாது என்று ஒப்பந்தம் கூறிற்று. அவ்வளவு சேர்த்தவர் எத்தனை பேர்? மாட்டை விற்று, பாத்திரங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி, கலஹா வழியாகக் கண்டிப் புகையிரத நிலையத்துக்கு இறங்கினர். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்றும் ஆயிற்று. புதைத்த இடங்களையும், பிள்ளைகளுக்குக் காது குத்திய மாரியம்மன் கோயில் முற்றத்தையும் எந்தப் பெட்டியில் வைப்பது?

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். பழைய துறையாகிய தனுஷ்கோடி, ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன் 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோயிருந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம். அது ஒரு காலத்தில் இலங்கை அரசே நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாம். தேயிலைக்கு ஆள் வந்த நாளில் பாட்டன்மாரைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். பேரப்பிள்ளைகள் அதே முகாமில் போய்த் தங்கினார்கள்.

1970களின் பஞ்சமும், 1977, 1981 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் பலரை விரும்பியே கப்பலேற வைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வாக்குரிமை கிடைத்தது. பிள்ளைகள் சிலர் நன்கு படித்து முன்னேறினர். நீலகிரியில் இவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அதுவே 'டேன்டீ' நிறுவனம். கேரளத்திலும் கர்நாடகத்திலும் இறப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஆனால் வியாபாரம் அறியாத தொழிலாளர் பலருக்கு வியாபாரக் கடனே கொடுக்கப்பட்டது. அது கரைந்ததும், தெரிந்த தொழிலையும் பழகிய குளிரையும் தேடிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் ஏறினார்கள். அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' ஆனார்கள். இங்கே இருந்தபோது 'இந்தியாக்காரர்'. 'கள்ளத்தோணி' என்ற வசை வேறு. எந்தக் கரையிலும் அந்தக் கரையின் பெயர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

1984 இல் கப்பல் நின்றது. அதற்குள் சென்றவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். உடன் சென்ற, பின்னர் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் நான்கு இலட்சத்தைத் தாண்டும். இங்கே எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அங்கேயோ 2022 இல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. வீட்டை விட்டு எங்கே போவது என்ற கேள்வி அந்த லயங்களில் மீண்டும் எழுந்தது.

சி.வி. வேலுப்பிள்ளை 'நாடற்றவர் கதை' எழுதினார். ஆனால் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கதை உண்டு. என் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால், ஏதாவது ஒரு கிளை கூடலூரிலோ கோத்தகிரியிலோ முடிகிறது. அதற்கப்பால் பெயர் தெரிவதில்லை. கப்பலேற்றி அனுப்பிய கடைசித் தலைமுறை முதுமை எய்திவிட்டது. பெட்டிக்குள் கிடக்கும் பழைய கடிதங்களையும் குடும்ப அட்டைகளையும் புகைப்படங்களையும் பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும். போனவர் பெயர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். அன்று பூட்டன் பெயரை ஏட்டில் காட்ட முடியாததால் நாம் நாட்டை இழந்தோம். நம் பேரர்களுக்கும் அந்தக் கதி வேண்டாம்.