இரசாயன ஆலைகளும் வருமுன் காத்தலும்

ஆடை வெளுக்கும் சவர்க்காரம், யன்னலுக்கு இடும் கண்ணாடி, எழுதும் கடதாசி ஆகிய மூன்றும் தோற்றத்தால் வேறுபட்டவை. எனினும் இம்மூன்றின் ஆக்கத்துக்கும் சோடா என்னும் காரப்பொருள் நெடுங்காலம் இன்றியமையாததாய் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை அதனைக் கடலோரச் செடிகளையும் கடற்பாசியையும் எரித்த சாம்பலிலிருந்தே ஐரோப்பியர் பெற்றனர். சாம்பல் தேவைக்குப் போதாமற் போனபோது, கறியுப்பிலிருந்து சோடா செய்யும் வழியைக் காண்போருக்குப் பரிசளிப்பதாகப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அறிவித்தது. அவ்வழியைக் கண்டவர் நிக்கலஸ் லெப்ளாங் என்னும் மருத்துவர். 1791ஆம் ஆண்டில் அவர் தமது முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய ஆலை பறிபோயிற்று. வறுமையில் வாடி, 1806இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் வகுத்த முறையோ இங்கிலாந்திற் செழித்தது. பேரளவில் இயங்கும் இரசாயன ஆலையின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

லெப்ளாங்கின் முறை இருபடிகளையுடையது. முதலில் உப்பைச் சல்பூரிக்கமிலத்துடன் சூடாக்க வேண்டும். பின்னர் அதிற் கிடைத்த பொருளைச் சுண்ணாம்புக்கல்லோடும் நிலக்கரியோடும் சேர்த்து உலையில் இட வேண்டும். முதற்படியில் ஐதரசன் குளோரைட்டு என்னும் காரநெடி மிக்க அமிலவாயு எழுந்தது. இரண்டாம் படியிற் கல்சியஞ் சல்பைட்டு என்னும் கழிவு மலைபோற் குவிந்தது. வாயு புகைபோக்கி வழியே வெளியேறி அயலிலுள்ள வேலிகளையும் மரங்களையும் கருக்கியது. கழிவு மேடோ மழையில் நனைந்து, அழுகிய முட்டையின் நாற்றத்தைப் பரப்பியது. லங்காஷயரின் சென்ற் ஹெலன்ஸ், விட்னஸ் முதலிய ஊர்களிற் பசுமை அருகிற்று. நிலவுடைமையாளர் வழக்குத் தொடுத்தனர். ஆலை முதலாளிகள் அதற்குக் கண்ட பரிகாரம் புகைபோக்கியை மேலும் உயர்த்துவதே. அதனால் நஞ்சு குறையவில்லை. முன்னர் ஓர் ஊரைக் கெடுத்தது பின்னர் பல ஊர்களைக் கெடுத்தது.

1836இல் வில்லியம் கொசேஜ் என்பவர் வேறொரு வழியைக் காட்டினார். ஒரு கோபுரத்தினுள்ளே விறகுச் சுள்ளிகளை நிரப்பி, மேலிருந்து நீரை வழியவிட்டு, அமிலவாயுவை அந்நீரிற் கரையச் செய்தார். வழி இருந்தும் அதனைக் கைக்கொள்வோர் மிகச் சிலராகவே இருந்தனர். கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாதபோது கோபுரம் கட்டுவது வீண்செலவு என்பதே பலருடைய கருத்து. 1863இல் பிரித்தானியப் பாராளுமன்றம் காரத் தொழிற் சட்டத்தை நிறைவேற்றியது. எழும் அமிலவாயுவில் நூற்றுக்கு 95 பங்கையேனும் அடக்கியாக வேண்டும் என அச்சட்டம் விதித்தது. அதனை மேற்பார்வை செய்ய றொபேட் அங்கஸ் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர் நியமனம் பெற்றார். அமில மழை பற்றி முதன்முதல் ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். சில ஆண்டுகளுள்ளேயே ஆலைகள் சட்டம் கேட்ட அளவையும் விஞ்சி வாயுவை அடக்கத் தொடங்கின.

அடக்கிய அமிலத்தை என் செய்வது? முதலில் அதனை ஓடைகளிற் கொட்டினர். அதனால் நீர்நிலைகள் கெட்டன. பின்னர் வோல்டர் வெல்டன், ஹென்றி டீக்கன் ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட முறைகளால் அவ்வமிலத்திலிருந்து குளோரீனைப் பிரித்தெடுத்தனர். குளோரீனைச் சுண்ணாம்போடு சேர்த்தால் வெளிற்றும் தூள் கிடைக்கும். பருத்தி ஆலைகளும் கடதாசி ஆலைகளும் அத்தூளை விரும்பி வாங்கின. நேற்றுவரை பயிரைக் கருக்கிய வாயு, இன்று முதலாளியின் பெட்டியை நிரப்பும் பண்டமாயிற்று. பாதுகாப்பு என்பது செலவுக்கணக்கில் மட்டும் எழுதப்படுவதன்று என்பதற்கு வரலாறு காட்டும் முதற்சான்று இதுவே. காரத் தொழில் மேற்பார்வையாளராய்ப் பணிபுரிந்த ஜோர்ஜ் டேவிஸ் என்பவர் பல ஆலைகளைக் கண்டு பெற்ற அறிவைத் தொகுத்து, 1887இல் மன்செஸ்டர் நகரிலே விரிவுரைகள் ஆற்றினார். இரசாயனப் பொறியியல் என்னும் துறை அவ்விரிவுரைகளிலிருந்தே உருப்பெற்றது என்பர்.

இக்காலத்திற் பெல்ஜிய நாட்டிலே ஏர்னஸ்ற் சொல்வே என்பவர் சோடா ஆலையையே புதிதாய் அமைத்தார். 1861இல் அவர் உரிமைப் பத்திரம் பெற்ற முறையில், உப்புநீரில் அமோனியாவைக் கரைத்து, அதன்மீது கரியமில வாயுவைச் செலுத்த, அப்பச்சோடா படிந்தது. இவ்விரசாயன உண்மையை முன்னரே அறிந்தோர் பலர். ஆயினும் அமோனியா சோடாவினும் பன்மடங்கு விலையுயர்ந்தது. அது கசிந்து போனால் முதலே மூழ்கிவிடும். முன்னோர் தோற்றது இவ்விடத்திலேயே. சொல்வேயோ உயர்ந்த கோபுரமொன்றை அமைத்து, திரவம் மேலிருந்து இறங்கவும் வாயு கீழிருந்து ஏறவும் செய்தார். பயன்பட்ட அமோனியாவைச் சுண்ணாம்பின் துணையால் மீட்டு, மீண்டும் அதே சுற்றிற் செலுத்தினார். கசிவை நிறுத்தியதே அவருடைய இலாபத்தின் அடிப்படையாயிற்று. 1870களில் இம்முறை இங்கிலாந்திலும் காலூன்றியது. லெப்ளாங் முறையைப் பின்பற்றிய ஆலைகள் 1890இல் ஒரே கொம்பனியாய் ஒன்றுகூடியும் நெடுநாள் நின்றுபிடிக்க இயலவில்லை.

புகையால் வரும் தீங்கு மெல்லக் கொல்வது. நொடியிற் கொல்லும் தீங்கினை எதிர்கொண்ட தொழில் வெடிமருந்துத் தொழிலாகும். கிளிசரீனை நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்த கலவையோடு சேர்த்தால் நைத்திரோகிளிசரீன் உண்டாகும். சுரங்கம் தோண்டவும் மலையைப் பிளக்கவும் வல்ல அத்திரவம், சிறு அதிர்ச்சிக்கும் மிகு வெப்பத்துக்கும் வெடித்துவிடும். 1864இல் ஸ்டொக்ஹோம் நகரையடுத்த ஹெலனபோர்க்கில் நிகழ்ந்த வெடிப்பில் அல்பிரட் நோபெலின் இளைய சகோதரர் எமில் மாண்டார். பின்னர் நோபெல் ஸ்கொட்லாந்தின் ஆடீர் மணற்குன்றுகளிடையே பெரிய வெடிமருந்து ஆலையொன்றை நிறுவினார். அங்கு ஒரே கலத்தில் ஏறக்குறைய ஒரு தொன் வெடிபொருள் உருவாயிற்று. தாக்கத்தால் எழும் வெப்பத்தைக் குளிர்நீர்க் குழாய்கள் அகற்றின. தொழிலாளி ஒருவர் வெப்பமானியின்மீது வைத்த கண்ணை வாங்காது இரண்டு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். வெப்பம் எல்லை மீறினால் கலத்திலுள்ள அனைத்தையும் நீர்த்தொட்டியிற் பாய்ச்சிவிட வேண்டும். அவர் உறங்கிவிடாதிருக்க ஒற்றைக்காற் பீடமொன்றே இருக்கையாயிற்று. கண்ணயர்ந்தால் பீடம் சாயும்; அவரும் விழித்துக்கொள்வார்.

ஆபத்தினைக் காவலால் வெல்ல முயன்ற காலத்தின் சின்னம் அந்த ஒற்றைக்காற் பீடம். காவலாளி எத்துணை விழிப்புடையவராயினும், அவருக்கு முன்னால் ஒரு தொன் வெடிபொருள் இருந்தது இருந்ததுதான். இவ்வளவு பொருள் ஏன் வேண்டும், இவ்வளவு நேரம் ஏன் செல்லும் என்று பிற்காலத்தவர் வினவினர். தாக்கம் இயல்பில் விரைவானதே. பெரிய கலத்திற் பொருள்கள் நன்கு கலவாமையும் வெப்பம் எளிதில் அகலாமையுமே தாமதத்தின் காரணம். இதனை உணர்ந்தவர்கள் பெருங்கலத்தைக் கைவிட்டுச் சிறு கலத்தில் இடையறாது பொருளைச் செலுத்தும் முறையை அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வந்த அமைப்பொன்றில், ஒடுங்கிய குழாய் வழியே விரைந்து பாயும் அமிலமே கிளிசரீனைத் தன்பால் உறிஞ்சிக்கொள்ளும். அமிலம் நின்றால் கிளிசரீனும் தானே நின்றுவிடும். நிறுத்துவதற்கு ஆளும் வேண்டியதில்லை, கருவியும் வேண்டியதில்லை. கலத்தில் நிற்கும் பொருள் ஏறக்குறைய ஒரு கிலோகிராம். தங்கும் நேரம் இரண்டு நிமிடமளவே. உற்பத்தியோ குன்றவில்லை.

இப்பாடம் வெடிமருந்து ஆலைக்கு அப்பாற் பரவ நெடுங்காலம் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெற்றோலிய இரசாயன ஆலைகள் ஆண்டுதோறும் பெருத்தன. 1974ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் தேதி, சனிக்கிழமை மாலை, இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ என்னும் ஊரிலுள்ள ஆலையொன்று வெடித்தது. நைலோனுக்கு மூலப்பொருளாக்கும் அவ்வாலையிற் சைக்கிளோஎட்சேன் என்னும் எரிதிரவம் ஆறு கலங்களின் வழியே வரிசையாய்ப் பாய்ந்தது. ஐந்தாம் கலத்தில் வெடிப்பு விழுந்தமையால் அதனை அகற்றி, நான்காம் கலத்தையும் ஆறாம் கலத்தையும் தற்காலிகக் குழாயொன்றால் இணைத்திருந்தனர். அதன் வரைபடம் வேலைத்தலத்தின் நிலத்திலே வெண்கட்டியால் வரையப்பட்டதன்றி, முறைப்படி கணித்து அமைக்கப்பட்டதன்று. இரண்டு மாதங்களின் பின் அக்குழாய் முறிந்தது. பல்லாயிரங் கிலோகிராம் எரிதிரவம் முகிலாய் எழுந்து தீப்பற்றியது. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். அவர்களுள் பதினெண்மர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வார நாளாயிருந்திருந்தால் இறந்தோர் தொகை மேலும் பெருகியிருக்கும்.

விசாரணைக் குழு அக்குழாயின் குறையை எடுத்துக்காட்டியது. ட்ரெவர் கிளெற்ஸ் என்னும் இரசாயன அறிஞரோ அதற்கு அப்பாலும் நோக்கினார். அவர் இம்பீரியல் இரசாயனத் தொழிற் கொம்பனியிற் பாதுகாப்பு ஆலோசகராய் இருந்தவர். ஆலையிற் பாய்ந்த திரவத்தில் நூற்றுக்கு ஆறு பங்களவே ஒரு சுற்றிற் பயன்பட்டது. எஞ்சியது மீண்டும் மீண்டும் சூடேறிச் சுழன்றது. பயனின்றிச் சுழன்ற அப்பெரும்பகுதியே முகிலாகித் தீயாயிற்று. திறமைக்குறைவும் ஆபத்தும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதை அவர் கண்டார். 1977ஆம் ஆண்டு திசெம்பரில், லெப்ளாங் ஆலைகளின் புகையால் ஒருகாலத்திற் கருகிய அதே விட்னஸ் நகரிலே அவர் விரிவுரையாற்றினார். ஆலையில் இல்லாத பொருள் கசியமாட்டாது என்பதே அதன் சாரம். கொடிய பொருளைக் குறைந்த அளவிற் கையாளுக. இயலுமாயின் தீங்கு குறைந்த பொருளை அதனிடத்தில் வைக்குக. அதுவும் இயலாதெனின் தாழ்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பயன்படுத்துக. அமைப்பை எளிதாக்குக என்பனவே அவர் வகுத்த நெறிகள். கலம் சிறுத்தால் உருக்கும் அத்திவாரமும் எரிபொருளும் சிறுக்கும். காவற் கருவிகளும் குறையும். ஆகவே பாதுகாப்பான ஆலை பெரும்பாலும் மலிவான ஆலையாகவும் அமையும் என்று அவர் வாதிட்டார்.

அவ்வாதத்தின் உண்மையை ஏழு ஆண்டுகளின் பின் உலகம் கண்ணீரோடு உணர்ந்தது. 1984 திசெம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை அண்டி, மத்தியப் பிரதேசத்தின் போபால் நகரிலுள்ள பூச்சிநாசினி ஆலையில், மெதைல் ஐசோசயனேற்று என்னும் நஞ்சு நிறைந்த தாங்கியினுள் நீர் புகுந்தது. ஏறக்குறைய நாற்பது தொன் நஞ்சு வெப்பமேறி வாயுவாகி, உறங்கிக்கொண்டிருந்த குடிசைகளின்மீது படர்ந்தது. குளிரூட்டும் பொறி நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் துண்டிக்கப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் அமைப்பும் கைகொடுக்கவில்லை. மாநில அரசு பின்னர் உறுதிசெய்த கணக்கின்படி இறந்தோர் 3,787 பேர். உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிது என்போர் பலர். இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நஞ்சு விற்பனைப் பண்டமன்று. மூலப்பொருளுக்கும் பூச்சிநாசினிக்கும் இடையில் தோன்றும் இடைப்பொருளே. அதே மூலப்பொருள்களை வேறு வரிசையிற் சேர்த்தால் அந்நஞ்சு தோன்றாமலே அதே பூச்சிநாசினியைப் பெறலாம். அந்நஞ்சு வழியே செல்வதாயினும், அவ்வப்போது ஆக்கி உடனே பயன்படுத்தியிருந்தால் நாற்பது தொன்னைச் சேமித்து வைக்கும் தேவை எழுந்திராது. காவல்கள் யாவும் தவறிய அவ்விரவில், நஞ்சின் அளவே பேரழிவின் அளவை வகுத்தது.

இந்நெறியும் எக்குறையும் அற்றதன்று. குளிரூட்டும் பெட்டிகளில் அமோனியாவுக்கு மாற்றாக 1930களில் நச்சுத்தன்மையற்ற குளோரோபுளோரோகாபன்கள் வந்தன. அறையிலிருந்தோருக்கு அவை தீங்கு செய்யவில்லை. ஆனால் வானின் ஓசோன் படலத்தைக் கெடுத்தமையால், 1987இல் மொன்றியல் உடன்படிக்கையின் மூலம் உலக நாடுகள் அவற்றைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. ஓர் ஆபத்தை அகற்றுபவர் வேறோர் ஆபத்தை அழைத்துவரவில்லையா என்பதையும் ஆராய வேண்டும்.

ஆயினும் இருநூறாண்டு வரலாற்றின் போக்கு தெளிவானது. முதலில் புகைபோக்கியை உயர்த்தினர். பின்னர் காவலாளியை ஒற்றைக்காற் பீடத்தில் இருத்தினர். அதன்பின் கருவிக்குமேற் கருவியாய் அடுக்கினர். இவை யாவும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் முயற்சிகளே. தும்பு இருக்கும் இடம் வரைபடம் தீட்டுவோரின் மேசை. கடதாசியில் ஒரு கலத்தைச் சிறிதாக்க அழிப்பானும் பென்சிலும் போதும். எழுந்து நிற்கும் ஆலையில் அதே மாற்றத்தைச் செய்யப் பெரும்பொருள் வேண்டும். பிளிக்ஸ்பரோவிலும் போபாலிலும் அவ்விரண்டு காலமும் கடந்துபோன பின்னரே உண்மை விளங்கிற்று. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வரைபடத்தை ஒருபோதும் கண்டிராத எளிய மக்களே. ஆகையால் புதிய ஆலையொன்றின் வரைபடம் விரிக்கப்படுந்தோறும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, இந்நஞ்சை எவ்வாறு காப்பது என்பதன்று. இந்நஞ்சு இங்கு இருக்கத்தான் வேண்டுமா என்பதே.